அண்ணன் கேட்ட தண்ணீர்

ஆஸ்பத்திரித் தரை முதுகுக்கு நல்லது, ஐயா. கட்டில் அண்ணனுக்கு, அதன் கீழே விரிப்பு எனக்கு. ஆயுசெல்லாம் மூட்டை சுமந்த முதுகு அங்கேதான் முதன்முதலாக நிமிர்ந்து கிடந்தது.

கிடங்கில் நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் வேலைக்குச் சேர்ந்தோம். எந்த மூட்டையை யார் முதுகில் ஏற்றுவது என்று சொல்லும் வேலை அண்ணனுக்கு, முதுகு எனக்கு. அப்பா போனபின் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து கையைப் பிடித்து அழைத்துவந்தவரும் அவர்தான். நல்ல மனசு. பாவம், பையன் மூளையை எதற்குக் கஷ்டப்படுத்த வேண்டும் என்று நினைத்திருப்பார். தலை நரைத்தபின் மாலை வகுப்பில் நான் எழுத்துக் கூட்டியபோது, "படிச்சு என்னத்தடா கிழிக்கப்போறே?" என்று கேட்டார். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை.

பதிலை வார்டு சிஸ்டர் கற்றுக்கொடுத்தார். அண்ணனின் தலைமாட்டில் ஒரு பலகை மாட்டி எழுதிக்கொண்டிருந்தார். "டாக்டர் நோய்க்குப் பேர் வைப்பாரு அண்ணே. அதனால இவருக்கு என்னென்ன தொந்தரவுன்னு கண்டுபிடிக்கிறது எங்க வேலை." டாக்டர் வைத்த பேர், இதயம் பலவீனம். சிஸ்டர் கண்டுபிடித்தது: உடம்பில் நீர் கூடியிருக்கிறது, நுரையீரலில் தேங்கி மூச்சு முட்டுகிறது, நடந்தால் களைப்பு, மனதில் பயம். விரல் வைத்துப் படித்தேன். குறை சொல்ல முடியாது. வாய்க்கொழுப்பு ஒன்றுதான் விட்டுப்போயிருந்தது.

"தண்ணி அளவாத்தான். உப்பு கூடவே கூடாது. தலைமாடு எப்பவும் உயரமா இருக்கணும்."

"மீறினா, சிஸ்டர்?"

"உள்ளுக்குள்ளேயே மூழ்கிடுவாரு, அண்ணே."

இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் எதையும் சொல்லித்தந்ததில்லை.

அண்ணன் தேறினார். அது அவர் செய்த தப்பு. நாலைந்து நாளில் வீட்டுக்குப் போகலாம், ஆனால் படியேறக் கூடாது என்றார் டாக்டர். எங்கள் வீடு மூன்றாம் மாடி.

"அதுக்கென்ன டாக்டர்? தம்பி முதுகு சும்மாதானே இருக்கு," என்றார் அண்ணன். வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன், மரியாதைக்கு.

அன்று மாலை அவர் தண்ணீர் கேட்டார். அதுவரை கேட்பார், மறுப்பேன், திட்டுவார். அன்று கொடுத்தேன். மடமடவென்று குடித்துவிட்டு, "இப்பதான்டா தம்பி மாதிரி நடந்துக்கறே," என்றார். ஆயுசில் அவரிடம் வாங்கிய ஒரே பாராட்டு. உப்புக்கடலை கேட்டார், கொடுத்தேன். கடலை தின்றால் தாகம் எடுக்கும், மறுபடி கேட்பார். கேட்பவருக்கு இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வராது.

சிஸ்டர் எடை பார்த்து முகம் சுளித்தார். "மாத்திரை போட்டும் ஏறுதே. தண்ணி அளவாத்தானே குடுக்கறீங்க?"

"அளவாத்தான், சிஸ்டர்."

எனக்கு எடை பார்க்கும் கருவி தேவையில்லை. அவரைப் புரட்டிப் படுக்கவைக்கும்போதே மழையில் நனைந்த மூட்டையின் கனம் கைக்குத் தெரிந்தது. பக்கத்துக் கட்டில்காரர் தன் மகனிடம், "பாத்துக்கோடா, தம்பின்னா இப்படி இருக்கணும்," என்றார். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

கடைசி நாள் அண்ணனுக்கு மூச்சு இழுத்தது. தலைமாடு உயரமாக இருந்தால் கழுத்து வலிக்குமே என்று கட்டிலைத் தாழ்த்திவிட்டேன். சிஸ்டர் அந்தக் கோடியில் வேறொருவரைக் கவனித்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டிருக்கலாம். வேலையாக இருப்பவரை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும்?

பெருக்கவந்த அம்மா கட்டிலுக்கடியில் கடலைப் பொட்டலங்களை வாரியெடுத்ததால் இப்போது உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். கொன்றாயா என்று கேட்கிறீர்கள். பெரிய வார்த்தை, ஐயா. நான் செய்தது பணிவிடை. அண்ணன் கேட்டதைக் கொடுத்தேன், கேட்டபோதெல்லாம் கொடுத்தேன்.

கடைசி டம்ளரை மட்டும் அவர் கேட்கவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு தலையாட்டினார். வாயை நான்தான் திறந்தேன்.