மூணு நட்சத்திரம் தெரியுற வரைக்கும்

இல்லைங்கய்யா, தண்ணியாவது குடிங்க. ராகேலம்மா புழங்குன செம்புதான், வேற யாரும் தொடல. கொச்சியிலருந்து எம்புட்டுத் தூரம் ரயில்ல வந்திருக்கீக! யூத ஆளுக ஒருத்தராவது இந்தக் கோட்டையூருக்கு வரமாட்டாகளான்னு ரெண்டு வருசமாப் பாத்துக்கிட்டே இருக்கேன். அம்மா போன அன்னைக்கு நடந்ததுல ஒரு சங்கதி கேக்கணும். கேக்குறேன், மொதல்ல நீங்க கேட்டதுக்குச் சொல்லிர்றேன்.

ஆமா, ராகேலம்மா இந்தப் பின்கட்டு அறையிலதான் இருந்தாக. உங்க யூத சனந்தான், ரங்கூன்ல நர்சு. மெய்யநாதன் செட்டியார் வீட்டுப் புள்ளைக நாலும் அவுக கையிலதான் பொறந்துச்சுக. அறுபத்தி நாலுல அங்கருந்து எல்லாரும் கெளம்புனப்ப, புருசன் புள்ளை இல்லாத மனுசிய எப்பிடி விட்டுட்டு வாரதுன்னு செட்டியாரு கையோட கப்பல்ல கூட்டியாந்துட்டாரு. நான் பக்கத்துக் கல்லல் ஊருக்காரி, அழகின்னு பேரு. புருசன் செத்த மூணாம் மாசம் மாமியா வீட்டுல வெரட்டி விட்டாக, அம்மாவுக்குச் சமைக்க வந்து சேந்தேன்.

வந்த மொத சனிக்கிழமை விடிஞ்சதும் வெளக்கமாத்த எடுக்குறேன். வையிடி கீழேன்னாக. இன்னைக்கு நீயும் வேலை செய்யக்கூடாது, வேலைக்காரி, வீட்டு மாடு எல்லாருக்கும் சேத்துத்தான் ஆண்டவன் சொல்லியிருக்கான்னாக. எனக்குச் சிரிப்பு தாங்கல. ஏழு வயசுல சாணி அள்ளப் போனவய்யா நான். உக்காருடின்னு எனக்கு ஒருத்தரும் சொன்னதில்ல, பெத்த ஆத்தாகூடச் சொன்னதில்ல. ஆண்டவன் சொன்னானாம்ல, மாட்டுக்கும் எனக்கும்!

வெள்ளிக்கிழமையே அரிசியும் முட்டையும் பானையில போட்டு, தணலுமேல வச்சு, சாக்கப் போட்டு மூடிருவோம். கறி கெடையாது. அவுக மொறைப்படி கோழி அறுக்க இங்க ஆளில்லைன்னு அதையே விட்டுட்டாக. பொழுது சாயுமுன்ன ரெண்டு வெளக்கு. அப்பறம் மறுநா வானத்துல மூணு நட்சத்திரம் தெரியுற வரைக்கும் தீக்குச்சி உரசமாட்டோம், வண்டி ஏறமாட்டோம். சும்மா உக்காந்திருப்போம். அவுக பொஸ்தகத்தப் பாத்து மொணமொணன்னு ஓதுவாக, எனக்கு ஒரு எழுத்து புரியாது. ஆனா மனசு நெறஞ்சிரும் பாருங்க, வயிறு நெறையிற மாதிரி. மிச்ச ஆறு நாளும் அதத் தின்னுக்கிட்டுத்தான் ஓடுவேன். எம் புருசன் செத்ததுக்கு நான் அழுததே அப்பிடி ஒரு சனிக்கிழமைதான். அதுக்கு முந்தி அழுக நேரமில்ல.

செட்டியார் வீட்டு நாகம்மை ஆச்சி கேலி பண்ணுவாக, என்னடி அழகி, வேதத்துல கீதத்துல சேந்துட்டியான்னு. எனக்கு எந்த வேதமும் தெரியாது, அந்த ஒரு நாள விடமாட்டேன், அம்புட்டுத்தான்.

ஒருக்கா இப்பிடித்தான், சனிக்கிழமையும் அதுவுமா அம்மா கெணத்தடியில வழுக்கி விழுந்து மணிக்கட்டு ஒடஞ்சுபோச்சு. செட்டியார் கார் வாசல்ல நிக்குது, ஏறமாட்டேனுட்டாக. இருட்டுற வரைக்கும் பல்லக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாக. வலி பொறுக்காம நானே கேட்டாலும் விட்றாதடி அழகி, நீதான் எனக்குக் காவல்னாக. எனக்கு அன்னைக்கு இருந்த பெருமை இருக்கே, சொல்லி முடியாது.

அடக்கமா? எரிக்கலைய்யா. அவுக சொல்லி வச்ச மாதிரியே குளிப்பாட்டி, வெள்ளத்துணி சுத்தி, செட்டியார் தோப்புல மண்ணுலதான் வச்சோம். காட்டுறேன், இருங்க. எந்திரிக்காதீக. அந்தச் சங்கதியக் கேட்டுர்றேன்.

அன்னைக்கும் சனிக்கிழமை. மத்தியானம் ரெண்டு மணி இருக்கும். நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாக, வேத்து ஊத்துது. காரக் கூப்புடுடின்னாக. இன்னைக்கு என்ன கெழமைம்மான்னேன். கூப்புடுடின்னாக. இன்னும் நாலு மணி நேரந்தான், பொறுத்துக்கங்கன்னு விசிறி விட்டேன். உசுருக்குன்னா போலாம்டி, உசுருக்குன்னா போலாம்னு கையப் புடிச்சுக்கிட்டுக் கெஞ்சுனாக. வலிதான் அப்பிடிப் பேச வைக்குதுன்னு நெனச்சேன். அஞ்சு மணிக்கெல்லாம் கை சில்லுன்னு ஆயிருச்சு. காரைக்குடி ஆசுபத்திரி கா மணி நேரந்தான்யா.

உசுருக்குன்னா போலாமா? உங்க சட்டத்துல அப்பிடி இருக்கா? இல்லைன்னு சொல்லிருங்கய்யா. அவுக மொறைய அவுகளுக்காகக் காப்பாத்திக் குடுத்தேன்னு நெனச்சுக்கிட்டுத்தான், இன்னைக்கு வரைக்கும் சனிக்கிழமை அடுப்புப் பத்த வைக்காம உக்காந்திருக்கேன்.

ஏன்யா தலையக் குனிஞ்சுக்கிட்டீக?

போலாமா.

போயே ஆகணுமா.

சரிங்கய்யா. இல்ல, நீங்க ஆறுதல் ஒண்ணும் சொல்ல வேணாம். டிரைவர் சேதுபதி அன்னைக்குப் பின்வாசல்லதான் காரத் தொடச்சுக்கிட்டிருந்தான். அம்மா போட்ட சத்தம் அவனுக்குக் கேட்டா, தூக்கிப் போட்டுக்கிட்டுப் போயிருவான்ல. அதான், நானே எந்திரிச்சுப் போயி இந்தக் கதவச் சாத்துனேன்.