சிடுமூஞ்சியைத் தூக்கி நிறுத்தியது குறித்து

என்னைக் கடிவாளம் என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் சொல்லி அழைத்தால் எனக்கே திரும்பிப் பார்க்கத் தோன்றாது. வயது எழுபத்திரண்டு. குதிரைத் தடுப்பூசி ஆய்வுக்கூடத்தில் குதிரைகளைப் பராமரித்துக்கொண்டு, லாயத்தை ஒட்டிய அறையில் மகளுடன் வசிக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்ல காவல் நிலைய எழுத்தர் எழுதுகிறார்.

எங்கள் கூடத்தில் குதிரைகளுக்கு வரும் ஹெர்பிஸ் வைரஸுக்கு டி.என்.ஏ. தடுப்பூசி சோதிக்கிறார்கள். கிருமியின் மரபணுத் துண்டை மட்டும் தசையில் போட்டால் குதிரையின் உடம்பே எதிர்ப்பைக் கற்றுக்கொள்ளும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். பாதிக் குதிரைகளுக்கு அந்த ஊசி, மீதிக்கு வெறும் உப்புத் தண்ணீர். அதன் பிறகு எல்லாவற்றின் மூக்கிலும் கிருமியை விட்டார்கள். மூக்கைப் பிடித்தது நான்.

ஊசி போட்டவை நன்றாகத் தின்றன. உப்புத் தண்ணீர் போட்ட பெண் குதிரை சிடுமூஞ்சிக்குக் காய்ச்சல் கண்டு, பின்னங்கால்கள் துவண்டு, விழுந்துவிட்டது. விழுந்ததை மருந்து கொடுத்து முடித்துவிடுவது அங்கு விதி.

“இதோட வேலை முடிஞ்சுது தாத்தா, விட்டுடுங்க” என்றார் டாக்டரம்மா.

“வேலை முடிஞ்சா வீட்டுக்குத்தானே அனுப்பணும்?” என்றேன்.

அதன் பிறகு நானும் மகளும் அதன் வயிற்றுக்கடியில் அகலப் பட்டையைக் கொடுத்து, உத்தரத்துக் கப்பியில் மாட்டித் தூக்கி நிறுத்தினோம். பட்டையில் தொங்குவது நிற்பது ஆகாது என்றார் டாக்டரம்மா.

“அப்போ நீங்க கண்ணாடியைக் கழட்டிட்டுப் படிங்க, பார்ப்போம்.”

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் மருந்தை எடுத்துவரப் போனார். அதற்குள் நான் கிருமி ஒட்டிக்கொண்டு வராதபடி குளித்து உடுப்பு மாற்றி வெளியே வந்து வாசலில் உட்கார்ந்துகொண்டேன், மகள் லாயத்துக்குள் தாழிட்டுக்கொண்டாள். அதன் பிறகு காவலர்கள் வந்தார்கள். கதவை உடைத்தால் கிருமி வெளியே வரும் என்று டாக்டரம்மாவே தடுத்ததால் என்னை மட்டும் நிலையத்துக்குக் கூட்டிவந்தார்கள்.

கதவைத் திறக்கும்படி மகளிடம் சொல்லிவிட்டு, விதி தெரியாமல் செய்ததாகக் கைநாட்டு வைத்தால் புகாரை விட்டுவிடலாம் என்று இன்ஸ்பெக்டர் ஐயா சொன்னார். மகளிடம் அப்படிச் சொல்ல மாட்டேன். ‘தெரியாமல்’ என்று எழுதியிருந்ததை அடிக்கச் சொல்லி, ‘தெரிந்தே’ என்று எழுதவைத்தேன்.

சற்றுமுன் மகள் போனில் பேசியதை ஐயாவும் கேட்டார். “பட்டையைத் தளர்த்திட்டேம்ப்பா. நிக்குது. கிட்டப் போனா பின்னங்காலால உதைக்க வருது.”

இதையும் சேர்க்கச் சொன்னேன். முழுவதையும் படித்துக் காட்டினார்கள். எல்லாம் நான் சொன்னதே, எதையும் திரும்பப் பெறுவதாக இல்லை.

(இடது பெருவிரல் ரேகை)