வீங்கினதுக்கு வைத்தியம்

இல்லண்ணே, உள்ள அப்புறம் போகலாம், முதல்ல உக்காருங்க. இப்பத்தான் கண்ணசந்திருக்காரு. கொஞ்ச நேரம் என்கூடப் பேசினா ஒண்ணும் குறைஞ்சிட மாட்டீங்க.

ஆப்பிளா? நல்லது, வைங்க. நான்தான் நறுக்கி ஊட்டணும். ரெண்டு கையிலயும் கட்டு. ஊரையே வாயைத் தொறக்கச் சொன்ன பல் டாக்டரை இப்ப நான் தொறங்கன்னு சொல்றேன், ‘ஆ’ன்னு தொறக்கறாரு.

பேட்டரி வெடிச்சிருச்சுன்னு மட்டும்தான் போன்ல சொன்னாரா? சொல்லுவாரு, மானம் போயிடும்ல. நான் விலாவாரியாச் சொல்றேன், கேளுங்க.

ஞாயித்துக்கிழமையானா உங்க ரெண்டு பேருக்கும் மைதானத்துல ரிமோட் பிளேன் விட்டாகணும். அவனவன் பிள்ளைங்களுக்கு பொம்மை வாங்கித் தருவான். எங்க வீட்ல பொண்ணு படிக்குது, அப்பா பிளேன் விடறாரு. குடிக்கலை, சீட்டாடலைன்னு நானும் பெருமையாத்தான் இருந்தேன். அந்தப் பெருமையில சாப்பாட்டு மேஜை பூரா பசையும் தெர்மாகோல் தூளும்.

இருந்த பேட்டரியில ஒண்ணு வீங்கிப்போச்சு. சோப்புக்கட்டி மாதிரி இருந்தது தலகாணி மாதிரி ஆயிடுச்சு. புத்தியுள்ளவன் ஒதுக்கி வைப்பான். இவரு பிளேனோட வயித்தைச் சுரண்டி அதுக்கு எடம் பண்ணாரு! அது வீங்க வீங்க, இவரு சுரண்டச் சுரண்ட. போட்டி வருதாம், இன்னும் ஒரே ஒரு தடவை பறக்கணுமாம். என் ஜாக்கெட்டைப் பிரிச்சுத் தைக்கக் குடுத்துட்டு வாங்கன்னு எத்தனை நாளாச் சொல்றேன், அதுக்கு மட்டும் நேரமில்லை.

கடைசியில சுரண்டறதுக்கு வயிறே இல்லை. அன்னிக்குன்னு பாத்து கீழ கிளினிக்ல ஒரு பேஷண்ட்டும் வரலை. உக்காந்து யோசிச்சிருக்காரு. ஈறு வீங்கினா என்ன செய்வோம்? கீறி விட்டா வடிஞ்சிடும்.

ஏன் முழிக்கிறீங்க? ஆமாண்ணே, ஈறு கீறற அதே கத்திதான். கையுறை போட்டு, வாய்க்கு மாஸ்க் கட்டி, தலைக்கு மேல லைட்டு போட்டு, நோயாளியை ட்ரேயில படுக்க வச்சு, ஒரே கீறல். மரத்துப்போற ஊசி ஒண்ணுதான் போடலை.

வடியலை. சீறுச்சு. கையுறை உருகி விரலோட ஒட்டிக்கிச்சு. மாடியிலேருந்து நான் ஓடி வந்தப்ப ஒரே புகை, ஆளே தெரியலை. அவரு கத்தின கத்து இன்னும் காதுல நிக்குதுண்ணே.

தீயணைப்புக்காரங்க வந்துட்டு எனக்குப் பாடம் எடுத்தாங்க. வீங்கினதை அமுக்கக் கூடாது, குத்தக் கூடாது, சார்ஜ் போடக் கூடாது, குப்பையிலயும் போடக் கூடாது. வெளியில, பக்கத்துல எதுவும் இல்லாத எடத்துல, மண்ணு போட்ட இரும்பு வாளியில வச்சிட்டு, பழைய பேட்டரி வாங்கறவங்ககிட்ட முன்னாடியே சொல்லி ஒப்படைக்கணுமாம். இவ்வளவுதான் சமாச்சாரம். இதுக்குப் பல் வைத்தியம் படிச்சிருக்க வேண்டியதில்ல.

விரலா? தெரியலைண்ணே. கட்டுப் பிரிச்சதும் மடங்கினா உண்டு. மடங்கலைன்னா கிளினிக் போர்டைக் கழட்ட வேண்டியதுதான். அவரு என்னடான்னா என்கிட்ட சிரிச்சுப் பேசறாரு. 

எங்க வாங்கினதா? அதைத்தான் தீயணைப்புக்காரங்களும் கேட்டாங்க. ஏதோ ஒரு கடை, பேர் மறந்துபோச்சுன்னுட்டாரு. திருகாணி வாங்கின கடைக்கெல்லாம் பேர் சொல்ற மனுஷன்.

காப்பி ஆறுது, குடிங்க. ஏன் எந்திரிக்கிறீங்க? உக்காருங்க, நான் இன்னும் முடிக்கலை.

எல்லாம் கருகிடுச்சுண்ணே. வயர் நுனியில இருக்கே அந்த மஞ்சள் பிளக், அது மட்டும் தப்பிச்சுது. அதுல மயில்கழுத்துக் கலர்ல ஒரு பொட்டு. மத்தவங்களோடதோட மாறிடக் கூடாதுன்னு உங்க வீட்டம்மாவோட நகப் பாலிஷை எடுத்து நீங்கதான் வைப்பீங்க. பாட்டிலையே காலி பண்றாருன்னு அவ என்கிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. லேசாத்தான் வீங்கியிருக்கு, இன்னும் நல்லா ஓடும்னு குடுத்திருப்பீங்க. தூக்கிப்போட உங்களுக்கும் மனசு வந்திருக்காது.

அழாதீங்க. எந்திரிச்சு முகத்தைக் கழுவுங்க. உங்க வீட்ல வீங்கின பேட்டரி மிச்சம் இருந்தா இன்னிக்கே வெளியில எடுத்து மண்ணு வாளியில வைங்க, அங்கயும் பிள்ளைங்க இருக்கு. அப்புறம், எனக்குத் தெரியும்னு அவருகிட்ட மூச்சு விட்டுடாதீங்க. சிநேகிதனைக் காட்டிக் குடுக்கலைங்கற நிம்மதியில மனுஷன் படுத்திருக்காரு. இப்போதைக்கு அவருக்கு இருக்கிறது அது ஒண்ணுதான். அதையும் நான் புடுங்கிக்கப் போறதில்ல.

போங்க, முழிச்சிட்டாரு. உங்களைத்தான் கேக்கறாரு.