பின்னால் நின்றவன் சொன்ன பெயர்

டாங்... டாங்... டாங்...

தண்டவாளத் துண்டில் யாரோ ஓங்கி அடித்தார்கள். ஓட்டு நேரம் முடியப்போகிறது. ஆண்டு 1946. பொழுது சாயும் வேளை. ஒகேனக்கல் போகிற பாதையில், காட்டோரத்துப் பள்ளிக்கூடம். பாதையில் ஈ, காக்கை இல்லை...

பெண்கள் ஓட்டுப் போடச் சாக்குத் திரை கட்டிய தனி அறை. அங்கே ஓட்டுச் சீட்டுக் கொடுக்க உட்கார்ந்திருந்தவர் லூர்துமேரி டீச்சர். நம் சிநேகிதன் ஒருவனுக்கு அத்தை முறை. பொய் பேசுகிறவர் இல்லை.

சீட்டு வேண்டுமானால் புருஷன் பெயரைச் சொல்ல வேண்டும். உயிரோடு இருக்கிற புருஷன் பெயரை எந்தப் பெண் சொல்வாள்? அதனால் காலையிலிருந்தே ஓர் ஏற்பாடு. முன்னால் நிற்பவளுக்காகப் பின்னால் நிற்பவள் சொன்னாள். ஒரே சிரிப்பும் கும்மாளமுமாக நடந்தது.

கடைசியாக வந்தவள் நஞ்சம்மாள். அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை.

ஐப்பசி வெள்ளத்தில் பரிசல் கவிழ்ந்து ஆற்றோடு போனவன் அவள் புருஷன். உடல் கிடைக்கவில்லை. வருவார் என்று தாலியோடு இருக்கிறாள்.

அவளுக்காக நீயாவது சொல்லப்பா என்று டீச்சர் கேட்க, திரைக்கு வெளியே நின்ற கொழுந்தன் கருப்பண்ணன் குரல் கொடுத்தான்.

"நான் சொல்ல மாட்டேனுங்க, டீச்சரம்மா. அண்ணியே சொல்லட்டும். செத்த ஆளு பேரச் சொல்ல என்ன வெக்கம்? சொன்னா அண்ணன் செத்தது நெசம்னு ஆயிரும், தாலிய அறுத்துட்டு ஆத்தா வூட்டுக்குப் போவணும். சொல்லாட்டி எங்கண்ணன் பொண்டாட்டியே இல்ல. எப்படியும் அண்ணன் உழுத காடு எனக்குத்தான்!"

நஞ்சம்மாள் முகத்தில் கோபமில்லை. அழுகையில்லை. மரம் மாதிரி நின்றாள்.

"சொல்லும்மா... மணி அடிச்சாச்சு."



சொட்... சொட்...

மண் தரையில் நீர் சொட்டியது. மாசி மாதம். மழை பெய்து எத்தனையோ நாளாயிற்று. ஆற்றுப் பாசியின் நாற்றம் குப்பென்று மூக்கில் ஏறியது. நஞ்சம்மாளின் முதுகுக்குப் பின்னாலிருந்து, நீர் நிறைந்த தொண்டையில், ஓர் ஆண் குரல்...

"மாரப்பன்."

டீச்சர் நிமிர்ந்தார். பின்னால் வெறும் சுவர். வெளியே கருப்பண்ணன் விழுந்தடித்து ஓடும் சத்தம். அவனுக்கு அது தெரிந்த குரல்.

டீச்சரின் கை தானாகச் சீட்டை நீட்டியது. நஞ்சம்மாள் வாங்கினாள். பெட்டியில் போட்டாள். திரும்பி வந்தாள்.

"யாரும்மா... யாரு சொன்னது?"

"அவருதானுங்க."

குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கழுத்து மஞ்சள் கயிற்றை அவிழ்த்து மேஜைமேல் வைத்தாள்.

"இனிமே நானே சொல்லலாமுங்க... மாரப்பன்."