ராணி படத்துக்குப் பின்னால ஒரு வெடிப்பு

சீட்டுக் குலுக்கினது குலுக்கினதுதான் மிஸிஸ் அனந்தராமன், அதை நான் இல்லையெண்டே சொல்லுறன்? கிண்ணத்தை நீங்கள்தான் பிடிச்சனீங்கள், சபை முழுக்கப் பாத்தது. நான் கேக்கிறது வேற. சனம் இப்பதான் சாப்பாட்டுத் தட்டோட நிக்குது, இறுதிச்சுற்றுத் தொடங்க நேரம் கிடக்கு. அதுக்குள்ள பக்கத்தை மட்டும் மாத்தி விடுங்கோ. அந்தப் பெடியன் யதுர்ஷன் வெட்டிப் பேசட்டும். என்ர மகள் சாருஜா ஒட்டிப் பேசட்டும். நடுவர் நீங்கள், நீங்கள் சொன்னா ஆர் மறுக்கிறது?

இருங்கோ, அந்த ஸ்டூலில இருங்கோ. இந்தக் குசினிக்குள்ள வேற ஒண்டும் இல்லை. சேர்ச்சின்ர பேஸ்மென்ற் எண்டா இவ்வளவுதான். தேத்தண்ணி ஊத்துறன். சீனி? போடாதேயோ? சரி. உங்கட சென்னை ஆக்களுக்குக் கோப்பிதான் வேணும் எண்டு தெரியும். ஆனா அந்த அண்டாவுக்குள்ள கோப்பியெண்டு கிடக்கிறது கோப்பியில்லை, சொல்லிப்போட்டன்.

தலைப்பு எனக்குப் பாடம். மன்னராட்சியின் இராசதந்திர மென்பலம், அதை வைத்திருக்கப் போதுமான காரணமா, இல்லையா. எந்த மகராசன் இருந்து யோசிச்சுப் போட்டானோ தெரியேல்லை. பதினாறு வயசுப் பிள்ளையளுக்கு, அதுவும் பிரெஞ்சில கோவிச்சு இங்கிலீசில சமாதானமாகிற பிள்ளையளுக்கு, மென்பலமாம்! இவளுக்கு அந்தச் சொல்லு வாயுக்க வரவே ஒரு கிழமை...

நீங்களோ போட்டது? ஓ.

நல்ல தலைப்புத்தான். நான் கூடாதெண்டு சொல்லேல்லையே. 

ஏன் மாத்தவேணும் எண்டா, ஒட்டிப் பேசுறதுக்குத்தான் நான் அவளைப் பழக்கினனான். இப்ப பாருங்கோ. ஒரு நாட்டு ஜனாதிபதி வாறார். பிரதமரோட இருந்து கதைச்சா மேசையில குத்துவார். அதே மனிசனைக் குதிரைவண்டியில ஏத்தி, பட்டாளத்தை நிரைக்கு நிப்பாட்டி, பாண்ட் அடிச்சு, வெள்ளிக்கரண்டியோட விருந்து வைச்சு, பக்கத்தில ராசாவை இருத்திப் பிள்ளையள் சுகமோ எண்டு கேக்கச் சொல்லுங்கோ. கலியாண வீட்டில முதல் பந்தியில இருத்தின மாமன் மாதிரி ஆள் இளகிப்போவார். அந்த ராசாவால தான் நினைச்சபடி ஒரு சட்டம் போட ஏலாது, ஒருத்தரைப் பிடிச்சு உள்ள போட ஏலாது. ஒண்டும் ஏலாதபடியாத்தான் அவரோட ஒருத்தராலயும் கோவிக்கவும் ஏலாது. இதைவிட வடிவா உங்கட மென்பலத்தை ஆர் விளங்கப்படுத்துறது? கொன்வென்ற்றில படிச்சதுக்கு இதாவது வரவேண்டாமே.

ஓம், வெட்டிப் பேசவும் அவளுக்கு வரும். காலமை அரையிறுதியில கேட்டனீங்கள்தானே. அதுதான் எனக்குக் கரைச்சல்.

இல்லை, அரசியலுக்குப் பயந்து இல்லை. ஊரில சண்டையை நிப்பாட்டச் சொல்லி எங்கட சனம் பதாகையோட றோட்டு றோட்டா நிண்ட வருசம் அந்த ராணியின்ர சிரிப்பு எங்களுக்கு என்ன செய்தது எண்டு கேக்கப்போறாள். கேக்கட்டும். எல்லாரையும் பாத்து ஒரே அளவாச் சிரிக்கிறதுதான் அந்த வேலை. கொண்டவனுக்கும் அதே சிரிப்பு, குடுத்தவனுக்கும் அதே சிரிப்பு. கொலை செய்தவனுக்கும்தான், செத்தவன்ர தாய்க்கும்தான். இதெல்லாம் பேசட்டும். கை தட்டுவினம். நானும் தட்டுவன்.

ஆரது? ஓமோம், தேத்தண்ணி வருது! குணேஸ்வரியக்கா குணேஸ்வரியக்கா எண்டு கத்தினா கேத்தில் கெதியாக் கொதிக்குமே? அந்த றோல்ஸ் தட்டைக் கொண்டுபோங்கோ முதல். போங்கோ.

சனம். என்ன சொல்லிக்கொண்டு நிண்டனான்?

கொன்வென்ற். எங்கட பள்ளிக்கூட ஒப்பீசில ராணியின்ர படம் ஒண்டு கொழுவியிருந்தது. இளம் ராணி, நீலப் பட்டி, முத்துமாலை. சிலோன் குடியரசாகி எத்தினையோ வருசம், படம் மட்டும் அசையேல்லை. பெரிய வகுப்புப் பிள்ளையள் ஒருக்காப் போய்க் கேட்டவை, ஏன் சிஸ்ரர் இன்னும் இது கிடக்குது, கழட்டுங்கோவன் எண்டு. சிஸ்ரர் சிரிச்சுப்போட்டு, கழட்டினாச் சுவரில வெடிப்புத் தெரியும் பிள்ளையள் எண்டா. உண்மைதான். பின்னால இவ்வளவு அகலத்துக்கு வெடிப்பு. வாறவை போறவை, கல்விக் கந்தோர் ஆக்கள், பிஷப், எல்லாரும் படத்தைப் பாத்து ஆகா எண்டிட்டுப் போவினம். நாங்கள் வெடிப்புக்குக் கீழ நிண்டு வரவு சொல்லுறது.

இது சாருஜாவுக்கும் தெரியும். நான்தான் சொன்னனான், பேச்சில போடு எண்டு. ஒட்டிப் பேசேக்க போடச் சொன்னது! படம் இருந்தபடியாத்தான் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு மரியாதை இருந்தது எண்டு.

சரி, நேரா வாறன். நீங்கள் மணிக்கூட்டைப் பாக்கிறியள்.

இண்டைக்குப் பரிசு குடுக்கிறது ஆர்? உங்கட நிகழ்ச்சிநிரலில போட்டிருக்கு, திரு திருமதி பேரின்பநாதன் தம்பதிகள். நானும் இவரும். முன்வரிசையில ரெண்டு கதிரை, வெள்ளைத்துணி போட்டு. ஏன் எங்களைக் கூப்பிட்டவை? இவர் ஒரு சங்கத்துக்கும் தலைவரில்லை, கோயில் நிர்வாகத்திலயும் இல்லை. பியர்பொன்ட்ஸில ஒரு வீடு, ஒரு கார், அவ்வளவுதான். ஆனா மொன்றியலில எங்கட ஆக்களுக்குள்ள எது கொழுவலெண்டாலும் எங்கட வீட்டு மேசையிலதான் வந்து முடியும். கோயில் ரெண்டாப் பிரிஞ்ச நேரம் இந்தப் பக்கத்து ஆக்களும் அந்தப் பக்கத்து ஆக்களும் ஒருத்தற்ற முகத்தை ஒருத்தர் பாக்கமாட்டினம். எங்கட வீட்டுக்கு வந்து என்ர ஒடியல் கூழைக் குடிச்சுப்போட்டு அழுதுகொண்டு கைகுடுத்தவை. இவர் என்ன செய்தவர்? ஒண்டும் இல்லை. சாரத்தைக் கட்டிக்கொண்டு அந்தத் தனிச் சோபாவில இருந்து, சாப்பிடுங்கோ, எல்லாம் பேந்து கதைப்பம் எண்டவர். நான் பக்கத்தில நிண்டு சிரிச்சனான். முடிஞ்சுது.

அதைத்தான் சொல்லுறன். மென்பலம் பொய்யில்லை அக்கா, அது வேலை செய்யுது. நான் கண்ணால கண்டனான்.

துஷாந்தினியைத் தெரியுமே? மூண்டாவது வரிசையில, மாம்பழ நிறச் சீலை, மடியில குழந்தை. அந்தப் பிள்ளை போன தையில பெட்டி கட்டிப்போட்டாள். புருசன் பிருந்தனோட இனி ஏலாதெண்டு. தாய் தகப்பன் இங்க இல்லை. தெரிஞ்ச ஆக்கள் கூட்டிக்கொண்டு வந்து எங்கட வீட்டிலதான் இருத்தினவை, ரெண்டு பேரையும். பேரின்பநாதன் அண்ணையையும் அக்காவையும் பாத்துப் படியுங்கோ எண்டு. நான் புட்டும் மீன்குழம்பும் வைச்சனான். இவர் சாரத்தோட வந்து இருந்தார். குணம், இவைக்கு இன்னும் கொஞ்சம் போடுமன் எண்டார். நான் போட்டனான். உமக்கு உறைக்குமெல்லோ, குழம்பைக் குறைச்சு விடும் எண்டார். அந்தப் பிள்ளை எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்துக்கொண்டு இருந்தது. போகேக்க என்ர கையைப் பிடிச்சு, நான் திரும்பிப் போறன் அக்கா, உங்களைப்போல ஒரு வீடு எனக்கும் வரும் எண்டாள். பெட்டியை அவிழ்த்திட்டாள்.

ஓம். நல்ல காரியம்தான். எல்லாரும் அப்பிடித்தான் சொன்னவை.

இல்லை, கண்ணில ஆவி பட்டிட்டுது. கேத்திலைத் திறந்தனான் எல்லோ.

பேச்சோ? பேச்சு எனக்கு எப்பிடித் தெரியுமெண்டா, இவள் குளியலறைக்குள்ள நிண்டுதான் பாடமாக்கிறவள். தண்ணியைத் திறந்துவிட்டா எனக்குக் கேக்காதெண்டு நினைப்பு. இறுதிச்சுற்றுக்கு வந்தா ரெண்டு பக்கமும் ஆயத்தமா இருக்கவேணும் எண்டு நீங்கள் சொன்னியளாம். ஒட்டுறதை என்னோட குந்தியிருந்து எழுதினவள். வெட்டுறதைத் தனிய எழுதிப்போட்டாள். நேற்றுப் பின்னேரம் கதவுக்கு வெளியில உடுப்புக் கூடையோட நிண்டு கேக்கிறன். நடுவர் அவர்களே, சபையோரே எண்டு தொடங்கினாள். அடுத்த வசனம், எங்கள் வீட்டு அலுமாரியில் ஒரு சாரம் இருக்கிறது.

சிரியாதேங்கோ.

நானும் முதல் சிரிச்சனான். பேந்து கேட்டனான். அந்தச் சாரத்தை ஆரும் வீட்டில உடுக்கிறேல்லை, விருந்தாளி வாற நாளில மட்டும் வெளியில வரும், அதைத் தோய்ச்சு மடிச்சு வைக்கிற ஆளிட்ட ஒருத்தரும் கேக்கிறேல்லை எண்டு போகுது பேச்சு. வெளி ஆக்களுக்குச் சமாதானம் குடுக்கிற சிம்மாசனம், அது கிடக்கிற வீட்டுக்கு என்ன குடுத்தது எண்டு முடிக்கிறாள். நல்லா எழுதியிருக்கிறாள். உள்ளும் புறமுமா என்னைத்தான் உரிச்சு வைச்சிருக்கிறாள்.

ஏன் முழிக்கிறியள்? விளங்கேல்லையே? உங்களுக்கு விளங்காதது நியாயம்தான், பத்தாயிரம் முறை வந்து சாப்பிட்ட எங்கட ஆக்களுக்கே விளங்கேல்லை. துஷாந்தினி ஆக்கள் போன உடன இவர் சாரத்தை மாத்தி, காற்சட்டையைப் போட்டுக்கொண்டு, கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு ஆத்துக்கு அந்தப் பக்கம் லொங்குய்க்குப் போட்டார். அங்கதான் இருக்கிறார். துஷாந்தினி ஆக்கள் வர முன்னமே, போன வருசத்துக்கு முதல் வருசம் ஸ்னோ தொடங்கேக்க போனவர். இல்லை, தனிய இல்லை. மெலனி எண்டு பேர். அதுக்குமேல நான் கேக்கேல்லை. கொழுவலும் இல்லை, ஒரு சத்தமும் இல்லை. ஆரும் வாறதெண்டா நான் போன் பண்ணுவன், அவர் பாலம் கடந்து வருவார். பிள்ளை கலியாணம் முடியுமட்டும் இப்பிடியே கொண்டுபோவம் எண்டு ரெண்டு பேரும் கதைச்சது. நாலு பேருக்கு நல்லது நடக்குதெல்லோ எண்டார். நானும் ஓம் எண்டனான்.

உங்களிட்ட ஏன் சொல்லுறன் எண்டும் தெரியேல்லை. நீங்கள் சென்னை, எங்கட சனத்துக்குள்ள போய்க் கதைக்கமாட்டியள் எண்டு ஒரு நினைப்பாக்கும்.

என்ன சொன்னியள்? மாத்துறியளோ? யதுர்ஷன்ர தாயோட கதைக்கிறியளோ?

பொறுங்கோ. ஒரு நிமிசம் இருங்கோ அக்கா.

போன மாதம், அந்த ஓகஸ்ட் வெக்கையில, ஜான்-டலோன் சந்தையில துஷாந்தினியைக் கண்டனான். தக்காளி பொறுக்கிக்கொண்டு நிண்டாள். கழுத்து மூடி, மணிக்கட்டு மட்டும் கை நீண்ட சட்டை. அந்த வெக்கைக்குள்ள. ஏன் பிள்ளை, குளிருதோ எண்டன். சிரிச்சாள். என்ர சிரிப்பு அது அக்கா. அப்பிடியே நான் மேசையில வைச்ச அதே சிரிப்பு. நான் ரெண்டு தக்காளியைப் பொறுக்கிக் குடுத்திட்டு வந்திட்டன்.

உங்களுக்குப் படத்தின்ர முடிவைச் சொல்லேல்லை எல்லோ. பிள்ளைக்கும் அதைச் சொல்லேல்லை. புதுசா வந்த சிஸ்ரர் ஒருத்தி, வந்த கிழமையே ஸ்டூலைப் போட்டு ஏறி ராணியைக் கழட்டிப்போட்டா. பள்ளிக்கூடம் இடியேல்லை. மேசன் வந்தான், ஒரு வாளி சாந்து, பின்னேரத்துக்குள்ள பூசி முடிச்சிட்டுப் போட்டான். அவ்வளவுதான் வேலை. அவ்வளவு காலமும் நாங்கள் அதுக்குக் கீழ நிண்டது.

வேண்டாம். மாத்தாதேங்கோ. அவளுக்கு விழுந்த பக்கத்தையே பேசட்டும். சாரத்தையும் சொல்லட்டும். நேரம் முடிஞ்ச மணி அடிக்கிற விசயத்தில மட்டும் கொஞ்சம் இரக்கம் பாருங்கோ, கடைசிப் பகுதியை அவள் நிண்டு நிண்டுதான் பேசுவாள். 

பரிசு குடுக்கத் தம்பதிகள் எண்டு கூப்பிடாதேங்கோ. அவரை வேணுமெண்டாக் கூப்பிடுங்கோ, வருவார், அவருக்கு மேடை பழக்கம். வெள்ளைத்துணி போட்ட கதிரையில ஒண்டு வெறுமையாக் கிடக்கும். எடுக்கவேண்டாம், கிடக்கட்டும். நான் மூண்டாவது வரிசையில, துஷாந்தினிக்குப் பக்கத்தில போய் இருக்கப்போறன். ஏனெண்டு சனம் கேக்கும்.

கேக்கட்டும் அக்கா.