துண்டுக்கடியில் ஒரு விலை

உண்மை நான்கே வார்த்தைதான்: வெள்ளி எடைக்கு மேலே போகாது. அதை எதற்கு அண்ணனிடம் சொல்ல வேண்டும்? சுப்பாத்தாள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது முறையாகப் போன் அடித்தது. வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில் விற்க மூக்கணாங்கயிறு திரித்துக்கொண்டிருந்த கையைச் சேலையில் துடைத்துவிட்டு எடுத்தாள்.

“அலோ... ஆமாங்ண்ணா, நாந்தான்... ஆமா, ஆமா, பாலக்காடு போயிட்டு இப்பத்தான் வந்தேன். அதுக்குள்ள யாரு சொன்னது?... ஓ, உங்க மகன் பஸ்சுல பாத்தானாக்கும்.”

“ஆமா, அம்மாவோட காசுமாலைதான். பதினொரு வெள்ளி ரூவாயையும் காமிச்சேன்... பாத்தாருங்க. கண்ணாடி வெச்சு ஒவ்வொண்ணாப் பாத்தாரு.”

பார்த்துவிட்டுப் பழங்காசு வியாபாரி உதட்டைப் பிதுக்கினார். காசுகளில் வெள்ளைக்கார ராணியின் முகம் தேய்ந்துவிட்டது. தலைக்கு மேலே வளையம் பற்றவைத்த தழும்பு. காசு சேர்ப்பவர்கள் தொடமாட்டார்கள், வெள்ளிக்கு உண்டான விலைதான் என்று சொல்லித் தராசை இழுத்தார்.

“எவ்வளவா?... இருங்க. நீங்க எவ்வளவு நெனச்சீங்க?... அஞ்சு லட்சமா! எந்த வீடியோவுல வந்துச்சு?... என்னது, வளையத்த அரம் போட்டு ராவி எடுத்துட்டா இன்னும் கூடுமா? அரத்தக் கிரத்தத் தூக்கிட்டு இந்தப் பக்கம் வந்துராதீங்க, சொல்லிப்போட்டேன்.”

“அம்மா பொருள் உங்க ஊட்டுக்கு வரோணுமா?... ஏனுங்ண்ணா, அம்மா போனப்பறம் பாகம் பிரிச்சமே, தென்னந்தோப்பு யாருக்குப் போச்சு?... வளையலும் அட்டிகையும்?... அண்ணிக்கு. அப்பறம் இத எம்பட மடியில போட்டுட்டு என்ன சொன்னீங்க?... மறந்துபோச்சா? ‘ஒட்டுப்போட்ட காசு, எருமைக் கழுத்துல கட்டுனாக்கூட சத்தம் வராது, நீயே வெச்சுக்க’ன்னீங்க. அண்ணி சிரிச்சாங்க. எல்லாருந்தான் சிரிச்சீங்க.”

போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தாள்.

“கத்தாதீங்க... கத்துனா வெச்சுப்போடுவேன்... போலீஸ் ஸ்டேஷன்ல பிராது குடுப்பீங்களா? குடுங்க... குடுங்கங்கறேன். கூப்புட்டா நானும் வர்றேன். மாலையக் கழுத்துல போட்டுக்கிட்டே வர்றேன்!”

சொன்ன பிறகுதான், இத்தனை வருடத்தில் அதை ஒருநாளும் அணிந்ததில்லை என்பது நினைவுக்கு வந்தது. அந்த நான்கு வார்த்தையைச் சொன்னால் இந்தக் கத்தல் இப்போதே நின்றுவிடும். மாலைக்கும் ஆபத்தில்லை. ஆனால் கத்தல் நின்ற இடத்தில் அந்தப் பழைய சிரிப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்கு இந்தக் கத்தலே தேவலை.

“அலோ... இருக்கேன், சொல்லுங்க... இல்லீங்ண்ணா, நான் எதுக்கு அழுகறேன்?... ஓ, மாலை வேண்டாமா இப்ப? வெலைய மட்டும் சொன்னாப் போதுமா?”

அவர் குரல் குழைந்திருந்தது. சந்தையில் கிழட்டு மாட்டைத் தள்ளிவிடுகிறபோது வருகிற குழைவு அது. அவளுக்குத் தெரியாததா?

“ஏனுங்ண்ணா, முப்பது வருசமா மாட்டு யாவாரம் பண்றீங்க. துண்டப் போட்டு மூடி, அதுக்கடியில வெரலப் புடிச்சுத்தான வெல பேசறீங்க?... ஆமா. பக்கத்துல நிக்கறவன் கேட்டா சொல்லுவீங்களா?... ஏன் சொல்லமாட்டீங்க?... அதேதான். எம்பட காசுக்கும் துண்டு போட்டாச்சுங்க.”

மறுமுனையிலிருந்து அதே கேள்வி, இன்னொரு முறை.

“இல்லீங்ண்ணா,” என்றாள் மெதுவாக. “சொல்லமாட்டனுங்க... வெச்சரட்டுங்களா?”

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை.