கோயில் நோட்டீசுக்குக் கிடைத்த ஏ

ஈப்போவிலிருந்து கோப்பெங் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் கிலாங் உடுப்போடு, அதாவது ஃபேக்டரிச் சீருடையோடு, ஒரு பெண்ணும் அவளோடு வேலை செய்யும் ஓர் அக்காவும் இருந்தார்கள். அந்தப் பெண் தொலைதூரக் கல்வியில் யூனிவர்சிட்டி படிக்கிறாளாம்.

"அக்கா, அவசரத்துல கட்டுரைக்குப் பதிலா எஸ்டேட் மாரியம்மன் கோயில் திருவிழா நோட்டீச அனுப்பிட்டேன்."

"ஐயோ! ஃபெயிலா?"

"ஏ கிரேடு கொடுத்திருக்காங்கக்கா. 'நல்ல ஆய்வு'ன்னு வேற எழுதியிருக்காங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஆத்தாவே பாஸ் பண்ணிட்டா! பேசாம வாங்கிக்க லா."

அந்தப் பெண் சிரிக்கவில்லை.

"டீச்சராகணும்னு மூணு வருஷமா வேலை முடிஞ்சு வந்து, தூக்கத்த விட்டு எழுதினேன்க்கா. எல்லாத்துக்கும் ஏ கிரேடுதான் கிடைச்சுச்சு. அந்தக் கட்டுரைங்களையாவது யாராச்சும் படிச்சிருப்பாங்களா?"